அரை அங்குலக் குற்றம்

என் மருமகளுக்கு வேலை போக இன்னும் ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தது. அதைத் தடுக்க வந்த நானும் என் சம்பந்தியும் அவள் வங்கியின் வாசலில் உட்கார்ந்திருந்தோம். எங்களை உள்ளே விடாதது எதிரி யாருமில்லை, மருமகளே எழுதிய விதிப் புத்தகம்.

துப்பறிவதில் எனக்கு நாற்பது வருட அனுபவம். ஒரு திருடனை அவன் திருடுவதற்கு முந்தின நாளே பிடித்திருக்கிறேன். அப்போதே ஒப்படைத்தால் சட்டப்படி செல்லாது என்பதால், ஒரு ராத்திரி வீட்டில் படுக்க வைத்து, மறுநாள் அவன் திருடியதும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பேர்ப்பட்ட என்னை நிறுத்தி வைத்து, "வந்த காரியம்?" என்று கேட்டான் வாசல் காவலாளி.

"மருமகளைப் பார்க்கணும்."

அவன் ரிஜிஸ்டரில் விரலை ஓட்டினான். "மருமகள்னு ஒரு காரியம் இதுல இல்லீங்க ஐயா. கடன், லாக்கர், புகார். மூணுதான் இருக்கு."

"என் பொண்ணு மூணுலயும் வருவா தம்பி," என்றார் சம்பந்தி. "கட்டிக் குடுத்ததுல நான் கடனாளி. இவர் வீட்டுல பூட்டி வச்சிருக்காரு, அது லாக்கர். புகார் தினம் போன்ல வருது. எதுல வேணா போடுங்க."

புகாரில் போட்டான். புகார்க்காரர்கள் ஐம்பது நிமிடம் காத்திருக்க வேண்டுமாம், கோபம் ஆறுவதற்காக. உட்கார நாற்காலி இல்லை. பூட்டுப் போட்ட நீளமான மரப்பெட்டி ஒன்று சுவரோரம் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் ஆறவில்லை. உட்கார்ந்த இடம்தான் மரத்தது.

சம்பந்தி நாற்பது வருடம் தையற்கடை வைத்திருந்தவர். அவருக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். துணியைக் குத்திய நேரம் போக மிச்ச நேரத்தில் ஆளைக் குத்துவார். துப்பறிய உதவியாளர் வேண்டுமென்று நான் விளம்பரம் கொடுக்கவில்லை. பெண்ணோடு சீராக அவரும் வந்து சேர்ந்தார்.

மூன்றாம் மாடியில் மருமகளின் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். வழியில் ஏழு இடத்தில் டோக்கனைக் காட்டினோம். பார்வையாளருக்கு லிஃப்ட் கிடையாது. அதுவும் ஒரு விதி.

"வராதீங்கன்னு சொன்னேனேப்பா," என்றாள் மருமகள்.

"நீ வராதேன்னா வான்னு அர்த்தம். உங்கம்மா அப்படித்தான் என்னைப் பழக்கியிருக்கா."

அவள் சிரிக்கவில்லை. மேசை மேல் விதிப் புத்தகம், பென்சில், அடிக்கோல், எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தாள். காவல் பிரிவின் அமைப்பு, கட்டம் கட்டமாக. ஆறு மாதத்துக்கு முன் இந்த வங்கியில் காவல் என்றால் தோட்டா இல்லாத ஒரு துப்பாக்கியும், தூக்கம் வராவிட்டால் மட்டும் விழித்திருக்கும் ஒரு ஆளும்தான். இவள் வந்த பிறகு முப்பது பேர், இரண்டு ஷிப்ட், அறுபத்து நான்கு விதிகள். படத்தில் மூன்று கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. துணை அதிகாரி. ரிஜிஸ்டர் சரிபார்ப்பவர். மாற்று ஆள்.

"அது மூணும் இன்னும் ஜி.எம். சாங்ஷன் பண்ணலை மாமா. அஞ்சு மாசமா மேசை மேல கிடக்கு. அதை விடுங்க. விஷயத்துக்கு வர்றேன்."

பணக் காப்பறை இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும். ஒன்று தலைமைக் காசாளரிடம், இன்னொன்று இவளிடம். நேற்று மதியம் காப்பறை வேலை முடிந்து தன் சாவியை இந்த அறைச் சுவரில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மாலை நான்கு மணிக்குத் திறந்தால் கொக்கி மட்டும் தொங்குகிறது. பெட்டியின் சாவி இவள் கழுத்துச் சங்கிலியிலேயே இருக்கிறது. பெட்டியில் ஒரு கீறல் இல்லை.

"ஜி.எம். இருபத்தி நாலு மணி நேரம் குடுத்தார். இன்னைக்கு நாலு மணிக்குத் தலைவர்கிட்ட யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லணுமாம். வேற பேர் கிடைக்கலைன்னா என் பேர். சஸ்பென்ஷன்."

"கடைசியா சாவியைக் கையில வச்சிருந்தது எத்தனை மணிக்கு?"

ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. '12.10. சாவி பெட்டியில் வைக்கப்பட்டது.' அதற்கு முந்தின நாளும் 12.10. அதற்கு முந்தின நாளும் அப்படியே.

"காவலாளிங்களை விசாரிச்சியாம்மா?"

"எப்படி மாமா? சாவி காணோம்னு முப்பது பேருக்குத் தெரிஞ்சா முப்பது வீட்டுக்குத் தெரியும். விதி முப்பத்தெட்டு. சாவியைப் பத்தி அவங்ககிட்ட வாயே திறக்கக் கூடாது."

சாவி என்ற சொல்லே வராமல் சாவியைப் பற்றி விசாரிக்க வேண்டும். நான் ஊமைச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். செத்தவன் ஒருவனிடம் வாக்குமூலம் வாங்கி அதில் ரேகையும் வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரித் தொல்லையை அனுபவித்ததில்லை.

அறை வாசலில் நிற்பது ஒன்பதாம் எண் காவல். நேற்றும் இன்றும் அங்கே ஒரே ஆள். பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கொட்டாவி வைத்திருந்தான்.

"நேத்து மதியம் இந்த அறைக்குள்ள யார் போனாங்க?"

"அம்மாவைத் தவிர ஈ காக்கா போகலீங்க ஐயா."

"நீ இங்கேயே நின்னியா?"

"நின்னேன்." கொட்டாவி. "பன்னிரண்டுல இருந்து பன்னிரண்டரை வரைக்கும் சாப்பிடப் போனேன். மாத்தி விட ஆள் வந்துச்சு."

"யாரு?"

"நம்ம ஆளுதாங்க."

"பேரு?"

"தெரியாதுங்களே. யூனிஃபார்ம் போட்டிருந்தாரு."

"தினமும் அவர்தான் வர்றாரா?"

"ஒண்ணரை மாசமா வர்றாரு. அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவோம். தங்கமான மனுசன்."

உள்ளே போய் மருமகளிடம் கேட்டேன். "உன் மாற்று ஆள் யாரும்மா?"

"மாற்று ஆளா?" பென்சிலைக் கீழே வைத்தாள். "மாமா, எனக்கு மாற்று ஆளே கிடையாது. பாருங்க, கட்டம் காலி!"

"கட்டம் காலி. ஆனா ஆள் ஒண்ணரை மாசமா டூட்டி பார்க்கறான்."

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கி ரப்பர் ஸ்டாம்ப் மைக்குள் போனதுபோல் இருந்தது.

"இத்தனை பேர் இருந்து ஒருத்தனுக்குமா தெரியலை?" என்றார் சம்பந்தி.

"தெரியாதுப்பா. நான்தான் அப்படி வச்சிருக்கேன். ரெண்டு காவலாளி சிநேகமானா கூட்டு. கூட்டு வளர்ந்தா திருட்டு. அதனால ஒரு தடவை பக்கத்துல பக்கத்துல நின்னவங்க அந்த மாசம் மறுபடி பக்கத்துல வர மாட்டாங்க. டூட்டியில பேச்சும் கூடாது. விதி பன்னிரண்டு."

"ஆக, முப்பது பேரும் ஒரே வீட்டுப் பங்காளிங்க மாதிரி. முகம் தெரியும், பேச்சு கிடையாது. நடுவுல மூணாம் மனுசன் ஒருத்தன் வந்து பந்தியில உட்கார்ந்தா அவன் அந்தப் பக்கத்து ஆளுன்னு இவங்க நினைப்பாங்க, இந்தப் பக்கத்து ஆளுன்னு அவங்க நினைப்பாங்க," என்றார் சம்பந்தி.

"எல்லாரையும் ஒரே இடத்துல வரிசையா நிறுத்து," என்றேன்.

"முடியாது மாமா. டூட்டியில இருக்கறவங்க இடத்தை விட்டு நகரக் கூடாது. விதி—"

"வேண்டாம், எண்ணைச் சொல்லாதே. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."

எனவே நாங்கள் நகர்ந்தோம். நான்கு மாடி. பகல் ஷிப்டில் பதினைந்து காவலாளிகள். ஒவ்வொருவனிடமும் டோக்கனைக் காட்டி, ஒவ்வொருவனும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, எங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லி... இரண்டாம் மாடியில் ஒருவன், முதல் மாடியில் நான் போட்ட கையெழுத்தும் இதுவும் ஒத்துப் போகவில்லை என்று இருபது நிமிடம் நிறுத்தி வைத்தான். ஏறி ஏறி என் கை நடுங்குகிறது என்று சொன்னால், நடுக்கத்துக்கு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டான். என் மருமகள் ஆட்களை நன்றாகத்தான் பழக்கியிருந்தாள். பழக்கியவளைக் காப்பாற்ற ஒரு சந்து விடவில்லை.

சம்பந்தி மட்டும் உற்சாகமாக இருந்தார். ஒவ்வொரு காவலாளியின் தோளிலும் ஒரு தட்டுத் தட்டி, "நல்லா இருப்பா" என்று வாழ்த்திவிட்டு நகர்ந்தார்.

"என்ன சம்பந்தி, ஆசீர்வாதம் பண்ணவா வந்தோம்?"

"தோள்பட்டையைப் பார்த்தீங்களா? இடது பக்கம் கோணல். பதினாலு பேருக்கும் இடது பக்கம் கோணல். ஒரே ஆள் வெட்டின துணி. வெட்டும்போது அவனுக்கு நிதானம் இல்லை. முப்பது சட்டையையும் ஒரே அடுக்கா அடுக்கி ஒரே வெட்டா வெட்டியிருக்கான் பாவி."

"அதனால?"

"அதனால, கோணல் இல்லாதவன் எவனோ அவன் இந்த வங்கி ஆள் இல்லை."

எனக்கு இது தோன்றவில்லை. இருந்தாலும், "இதைத்தான் நானும் நினைச்சேன்" என்றேன். உதவியாளரிடம் அப்படிச் சொல்லிவிடுவது தொழில் மரபு.

மணி ஒன்றே முக்கால். நான்காம் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் பதினைந்தாம் காவல். சாப்பாட்டு டப்பாவோடு ஒருவன் இறங்கிப் போக, அவன் இடத்தில் இன்னொருவன் வந்து விறைப்பாக நின்றான். நடுத்தர வயது. பளபளவென்ற ஷூ. சம்பந்தி அவன் தோளைத் தட்டினார். கை அங்கேயே நின்றது. இடமும் வலமும் தடவிப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் வராத குறை.

"யாருப்பா தச்சது? தங்க ஊசிய்யா உனக்கு!"

"என் மச்சான் தச்சதுங்க," என்று சொல்லிவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மருமகளின் அறையில் அவனை நிறுத்தினோம். அவனைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"நீங்க... உங்களை நான் இன்டர்வ்யூல பார்த்திருக்கேன்! தினம் வாசல்ல யூனிஃபார்மைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கலையே!"

"ஆமாங்கம்மா. அஞ்சடி ஏழு அங்குலம் வேணும்னு சொன்னீங்க. நான் அரை அங்குலம் கம்மி. 'இடம் காலியானா பார்க்கலாம்'னீங்க." சுவரில் இருந்த படத்தைத் தயக்கத்தோடு பார்த்தான். "காலியான இடத்துலதாங்கம்மா நிக்கறேன்."

"சம்பளம் இல்லாமலா?" என்றேன்.

"காலையில பேப்பர் போடறேன் ஐயா, அதுல ஓடுது. இன்டர்வ்யூ முடிஞ்சு வீட்டுக்குப் போனப்போ என் சம்சாரம் வாசல்லயே நின்னுட்டிருந்தா. கிடைச்சிருச்சான்னு கேட்டா. தலை தானா ஆடிருச்சு. சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கச் சொல்லிட்டா. மச்சான் யூனிஃபார்மே தச்சுட்டான். மறுநாள் வராம என்ன பண்றது?"

நான் தொண்டையைக் கனைத்தேன். விதி முப்பத்தெட்டை மீறும் நேரம் வந்துவிட்டது. "நேத்து மதியம் இந்த அறையில இருந்து ஏதாவது எடுத்தியா?"

"எடுத்தேங்க ஐயா."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் துப்பறிகிறவனுக்கு என்ன மரியாதை? எனக்கு எரிச்சலாக இருந்தது.

"மேசை மேல ஒரு பெரிய சாவி கிடந்துச்சு. அம்மா கதவைத் திறந்து போட்டுட்டு அவசரமா மேல போனாங்க. கேட்பாரற்றுக் கிடக்கற பொருளை உறையில போட்டு, அரக்கு வச்சு, கண்டெடுத்த பொருள் பெட்டியில போட்டு, ரிஜிஸ்டர்ல எழுதணும். விதி பதினாலு. சாப்பிடப் போனவர் திரும்பி வந்து கதவுகிட்ட நின்னதும் போய் எழுதிட்டேன்."

"எந்தப் பெட்டி?"

"வாசல்ல இருக்குமே, நீளமா, மரப்பெட்டி."

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். காலையில் ஐம்பது நிமிடம் நாங்கள் வழக்கின் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

"கோழி கூட இருபத்தோரு நாள்ல ஏதாவது பொரிச்சுடும் சம்பந்தி," என்றார் அவர்.

"அம்மாகிட்ட ஏன்யா சொல்லலை?" என்றேன்.

"அதிகாரிகிட்ட வாயால சொல்லக் கூடாது, எழுதித்தான் குடுக்கணும்னு இருக்குங்களே ஐயா. எழுதிட்டேனே."

எழுதியிருந்தான். ரிஜிஸ்டரை வரவழைத்துப் பார்த்தோம். ஒரு குடைக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், 'மூன்றாம் மாடி, மேசை மேல் கிடந்த பெரிய சாவி ஒன்று.' யாரும் படிக்கவில்லை. படிக்க வேண்டியவருக்கான கட்டமும் காலிதான்.

"பொய்!" என்றாள் மருமகள். "மேசை மேல எப்படிக் கிடக்கும்? பன்னிரண்டு பத்துக்கு நான் பெட்டியில வச்சேன். எழுதியிருக்கேன்!"

நான் நான்காம் மாடிக்கு ஏறினேன். ஜி.எம். அறை வாசலிலும் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. அதுவும் மருமகளின் ஏற்பாடு. ஜி.எம்.மைப் பார்க்க வருகிற யாரும், அவள் உட்பட, அதில் நேரம் போட வேண்டும். நேற்றைய பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. 'உள்ளே 12.10. வெளியே 12.21.'

என் வாழ்நாளில் முதல் முறையாக, கண்டுபிடித்ததைத் திரும்பவும் தொலைத்துவிட முடியுமா என்று படிக்கட்டில் நின்று யோசித்தேன். முடியவில்லை. கீழே வந்து இரண்டு ரிஜிஸ்டரையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

அவள் இரண்டு 12.10-ஐயும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தினமும் பன்னிரண்டு பத்துக்குத்தான் மாமா வைப்பேன். ஒரு நிமிஷம் தப்பாது. தப்பாதுங்கறதால... காப்பறைக்குப் போறதுக்கு முன்னாடியே எழுதிடுவேன். நேத்து சாவியோட உள்ள வர்றேன், போன் அடிக்குது, ஜி.எம். உடனே வரச் சொல்றார். மேசையில வச்சுட்டு..." பெட்டியைப் பார்த்தாள். "கை தானா வெறும் பெட்டியைப் பூட்டியிருக்கு. திரும்பி வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தேன். வச்சாச்சுன்னு இருந்தது. நம்பிட்டேன்."

"வேற எவனாவது எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டே," என்றார் அவள் அப்பா. இந்த முறை அவர் குத்தவில்லை.

மூன்றே முக்காலுக்கு, மீட்ட சாவியோடு ஜி.எம். முன்னால் நின்றோம். மரப்பெட்டியைத் திறக்க இரண்டு கையெழுத்து வாங்கிய கதையைச் சொல்லி உங்கள் ரத்தக் கொதிப்பையும் ஏற்ற விரும்பவில்லை. ஜி.எம். சாவியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் ஆளைப் பார்த்தார்.

"வேலையில இல்லாத ஒருத்தன் யூனிஃபார்ம் போட்டு உள்ள புகுந்து சாவியை எடுத்திருக்கான். அவ்வளவுதானே? பிரமாதம்! போலீசைக் கூப்பிடுங்க. இவன் பேரைத் தலைவர்கிட்ட சொல்லிடறேன். உங்க மேல ஒண்ணும் இல்லம்மா."

எங்கள் ஆள் இன்னும் விறைப்பாக நின்றான்.

சம்பந்தி என் முழங்கையைக் கிள்ளினார். கிள்ளியதன் பொருள் எனக்குப் புரிந்தது. பெற்றவர் வேறு எப்படிக் கிள்ளுவார்? வாயை மூடிக்கொண்டு இரு, பெண்ணுக்கு வேலை நிற்கும். நான் மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"சார்," என்றாள் மருமகள், "பேர் தர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்து வேணும். இந்தக் கோப்பு அஞ்சு மாசமா உங்க மேசையில இருக்கு."

"எங்க போடணும்?" நான்கு மணிக்குப் பேர் கிடைக்கிற மகிழ்ச்சியில் ஜி.எம். படிக்காமல் போட்டார். மாற்று ஆள் பதவி ஒன்று, சாங்ஷன்.

அவள் அங்கேயே நின்றபடி நியமன உத்தரவை எழுதினாள். "ஆள் எடுக்கற அதிகாரம் எனக்கு இருக்கு சார், நாலு மணி வரைக்கும். உயரத்துல அரை அங்குலத் தளர்வு." உத்தரவை எங்கள் ஆளிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். "இனிமே இவர் நம்ம ஆள். இவர் செஞ்சது விதிப்படி சரி. இவர் பேர் வராது."

"அப்போ யார் பேர்?"

"ஒரு தப்பு நடந்திருக்கு. சாவியை வைக்காமலே வச்சதா எழுதினது." இரண்டு ரிஜிஸ்டரையும் அவர் பக்கம் தள்ளினாள். "கையெழுத்தைப் பாருங்க சார்."

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என் மருமகள் சஸ்பெண்ட் ஆனாள். ஜி.எம். அவள் அடையாள அட்டைக்குக் கை நீட்டினார். புது மாற்று ஆள் குறுக்கே வந்தான். "மன்னிக்கணும் சார். அட்டையை வாங்க வேண்டியது காவல் பிரிவு." வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நேரம் போடலை பாருங்க," என்றாள் அவள்.

போட்டான். போட்ட பிறகு எழுதிய நேரத்தையும் கடிகாரத்தையும் ஒரு முறை ஒத்துப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், இந்தச் செய்தியை என் பையனிடம் யார் சொல்வது என்று சம்பந்தியும் நானும் சண்டை போட்டோம். "உங்க பையன், நீங்க சொல்லுங்க." "உங்க பொண்ணு, நீங்க சொல்லுங்க." வழக்கைத் தீர்த்த இரண்டு பேர் இவ்வளவு தோற்றுப் போய் ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

முன் சீட்டில் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலே கால். ஷிப்ட் மாறியிருக்கணும். டூட்டிச் சீட்டுல என் கையெழுத்து இல்லாம பகல் ஆள் இடத்தை விட்டு நகர மாட்டாங்க, சாயங்கால ஆள் உள்ள வர மாட்டாங்க. ஷிப்ட் மாறி முடியற வரைக்கும் வாசல் கேட் திறக்காது, ஜி.எம். கார் வாசலைத் தாண்டாது."

"துணை அதிகாரி கையெழுத்துப் போட மாட்டாரா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கே பட்டது.

அவள் கைப்பைக்குள் போன் அடித்தது.

"யாரும்மா?"

"ஜி.எம்."

"எடும்மா!" நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

"முடியாது மாமா. சஸ்பெண்ட் ஆனவங்க விசாரணை முடியற வரைக்கும் அலுவலகத்தோட எந்தப் பேச்சும் வச்சுக்கக் கூடாது."

"இந்த விதியை எந்த மடையன் எழுதினான்?" என்றார் சம்பந்தி.

"நான்தாம்பா."

போன் நின்றது. மறுபடி அடித்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை.